கடலுக்கு இறங்கும் சாலை

கஜகஸ்தானின் அக்தாவ் நகரிலிருந்து கிளம்பிய செரிக்பாயின் கார், கடலை நோக்கிச் சாலை இறங்கத் தொடங்கியதும் பிரேக் பிடிக்காமல் போனது. ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மறுபக்கம் அதலபாதாளம். அவன் கியரைக் குறைத்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கருகிய நாற்றம்தான் வந்தது.

பின்சீட்டில் மகனும் மகளும் குதித்தார்கள். "அப்பா, நிறுத்துங்க! போட்டோ எடுக்கணும்!"

"கீழே போய் எடுக்கலாம்டா," என்றான், குரல் நடுங்காமல்.

பக்கத்தில் இருந்த மனைவி மெருயெர்த் பொரிந்து தள்ளினாள். "உங்கப்பா யார் பேச்சைக் கேட்டிருக்காரு? ஒட்டகம்கூடச் சொன்னா நிக்கும்! உங்களுக்கு என்ன ஆட்டம்? பெல்ட்டைப் போட்டுத் தலையைக் குனிஞ்சு உட்காருங்க. மூச்சுக் காட்டக் கூடாது!"

பிள்ளைகள் சிரித்தபடி குனிந்துகொண்டார்கள். 'இவளுக்குச் சண்டை போட வேற நேரமே கிடைக்கலையா?' செரிக்பாய் பல்லைக் கடித்தான்.

கடைசி வளைவில் கார் பாறையை உரசிக்கொண்டு பாய்ந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்துக் கடற்கரை மணலுக்குள் விட்டான். கார் புதைந்து நின்றது.

"இன்னொரு தடவை போலாம்பா!" என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் அலையைப் பார்க்க ஓடினார்கள்.

"மெருயெர்த்... பிரேக் போயிடுச்சு. நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

"மேலேயே தெரியுங்க. நீங்க மிதிக்க மிதிக்க அது சும்மா உள்ளே போச்சே. பிள்ளைங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கத்தினேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"என் பெல்ட்டைக் கொஞ்சம் கழட்டி விடுங்க," என்றாள். "எனக்குக் கையே எழும்ப மாட்டேங்குது."