ஐங்கரனின் அயர்லாந்து

பாரிஸின் லா சப்பல் பகுதித் தேநீர்க் கடையில் ஐங்கரன் கைபேசிப் படங்களை நீட்டித் தன் விடுமுறையைப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

“அயர்லாந்துக் கிராமம், தங்கச்சி. இது ராசா காலத்துக் கோட்டை. பின்னாலை முழுக்கக் காடு. நடந்து நடந்து கால் ஓய்ஞ்சுபோச்சு.”

“காத்தே வேறை மாதிரி இருக்கும், என்ன அண்ணை?” என்றாள் யசோதினி, பக்தியோடு.

“ஓம். பாரிஸிலை உந்தக் காத்து கிடைக்குமே?”

அவர் அடுத்த மேசைக்கு அயர்லாந்தைக் கொண்டுபோனதும், மச்சாள் கலாவதி யசோதினியின் காதைக் கடித்தாள்.

“உது இஞ்சை மெட்ரோவிலை போய்ப் பாக்கிற வன்சென் கோட்டையெல்லோ? பின்னாலை இருக்கிறதும் வன்சென் காடு. தெரிஞ்சுகொண்டும் ஏன் பேசாமல் இருந்தனீர்?”

யசோதினி தேநீரை ஊதிக் குடித்தாள்.

“போன வருசம் இதே கோட்டையை நாங்கள் ஸ்கொட்லாந்து எண்டு காட்டேக்கை, அந்த மனுசன் வாயைத் திறந்தவரே?”