தனிக் கோப்பை

"இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும், தீபன். இந்த வீட்டுல ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

காளியம்மா போட்ட சத்தத்தில், லோரி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்த மகன் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றுவிட்டான்.

"என்னம்மா இப்ப? மாதுமை என்ன செஞ்சா?"

"என்ன செய்யல? ரெண்டு வாரமா பாக்குறேன்லா. தனித் தட்டு, தனிக் கோப்பை, தனிக் கரண்டி. தின்னதும் கழுவி ரூமுக்குள்ள கொண்டுபோயி வச்சிக்கிறா. நாம தொட்டா தீட்டா?"

கல்யாணமாகி நாலு மாதம்தான். ஈப்போவில் ஒரு கணக்கர் ஆபீசில் வேலை பார்க்கும் மாதுமை, சிலோன்கார வீட்டுப் பெண். அவள் தாத்தா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். காளியம்மாவோ சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலிக்காரர்களின் மகள். மகன் ஆசைப்பட்டுவிட்டானே என்று, மனசில் இருந்த உறுத்தலை விழுங்கிக்கொண்டுதான் சம்மதித்தாள். வந்தவள் "அத்தே" என்று கூப்பிடாமல் "மாமி" என்று கூப்பிட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

நேற்றுதான் எல்லாம் தலைக்குமேல் போய்விட்டது. மீன் குழம்பு தீர்ந்த சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, எல்லாரும் அதிலேயே கைவைத்துத் தின்பது அந்த வீட்டு வழக்கம். "வாம்மா, நீயும் கை வை" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள் காளியம்மா. "வேணாம் மாமி" என்று இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள் மருமகள். அதையும் பக்கத்து வீட்டுப் புஷ்பலதா பார்த்துவிட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான்.

"எங்கம்மா கிராணி வீட்டுக்கு வேலைக்குப் போனா, பின்வாசல்ல வச்சி தேங்காச் சிரட்டையிலதான்டா தண்ணி ஊத்துவாங்க. அதப் பாத்து வளந்தவ நான். இப்ப என் வீட்டுலயே எனக்கு..."

சேலைத் தலைப்பில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அறைக் கதவு திறந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் போலிருக்கிறது, மாதுமையின் கையில் ஒரு ஆஸ்பத்திரிக் காகிதம்.

"தீட்டு உங்களுக்கு இல்ல மாமி. எனக்குத்தான்."

"என்ன சொல்ற?"

"ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. கொலஸ்ட்ரால் அஞ்சுக்குள்ள இருக்கணுமாம், எனக்கு ஆறு புள்ளி எட்டு."

"ஒனக்கா?"

காளியம்மாவுக்கு அழுகை நின்றுவிட்டது. மாதுமை ஊதினால் பறந்துவிடுகிற உடம்புக்காரி. வடை என்றாலே காத தூரம் ஓடுகிறவள்.

"டாக்டருக்கும் அதே ஆச்சரியம்தான். தோண்டித் தோண்டிக் கேட்டார். வருஷக்கணக்கா கெஸ்ட்ரிக் இருக்குன்னு சொன்னேன். ஸ்கோப் விட்டுப் பாத்தா இரைப்பை முழுக்க அழற்சி. ஒரு கிருமியாம். அது ரொம்ப நாள் உள்ள இருந்தா, சில பேருக்கு ரத்தத்துல கெட்ட கொழுப்பும் கூடுதாம். அதனாலதான் இதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சி நடக்குதுன்னார்."

"அதுக்கு எதுக்குத் தனித் தட்டு?" என்றான் தீபன்.

"எச்சில்ல ஒட்டுற கிருமிங்க. நீங்களும் ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

தீபன் குனிந்து மும்முரமாகச் சப்பாத்துக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.

"மாமிக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சி ஒரு வருஷம்கூட ஆகல. கொலஸ்ட்ரால் மாத்திரை வேற சாப்பிடுறாங்க. என்கிட்டேருந்து அவங்களுக்கு ஒட்டிக்கிச்சின்னா? நான் மருந்து முடிச்சி, மறுபடி டெஸ்ட் எடுத்து, கிருமி போயிடுச்சின்னு தெரியிற வரைக்கும் தள்ளி இருக்கலாம்னு நெனச்சேன்."

"இத வாயத் தொறந்து சொன்னா என்ன புள்ள?"

"வியாதிக்காரியத் தலையில கட்டிட்டாங்கன்னு நெனச்சிடுவீங்களோன்னு பயம், மாமி."

காளியம்மாவுக்கு நெஞ்சு கரைந்தே போய்விட்டது. மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும். மனுஷன மனுஷன் தள்ளி வைக்கிறதவிடப் பெரிய பாவம் உண்டா? அந்தப் பழியப் போயி உன் மேல போட்டுட்டேனே, சாமி!"

தீபன் விட்டால் போதுமென்று லோரியைப் பார்க்க ஓடினான். காளியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தேத்தண்ணி கலக்கினாள். மருமகளுக்குத் தேத்தண்ணி ஆகாதென்று, அவளுடைய கோப்பையிலேயே பாலை ஆற்றிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் புல் வெட்டும் மிஷின் சத்தம் நின்றது. மாதம் ஒரு தடவை புல் வெட்ட வருகிற அப்பாவு என்கிறவர்தான். காளியம்மா பிறந்த அதே தோட்டத்தில், ஒதுக்குப்புறமாக இருந்த ஆற்றோர லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்.

"அக்கா, ஒரு தேத்தண்ணி கெடைக்குமா?"

"உனக்கு இல்லாததா? வாரேன் இரு!"

காளியம்மா சந்தோஷமாகவே எழுந்து போனாள். குழாயடிச் சுவரில் ஆணியில் தொங்கிய பழைய பிளாஸ்டிக் கோப்பையை அப்பாவு தானாகவே எடுத்து நீட்டினார். மேலே படாமல், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினாள் காளியம்மா. குடித்து முடித்தவர், கழுவி அதே ஆணியில் மாட்டிவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மாதுமை சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காளியம்மா உள்ளே வந்ததும், ரொம்பவும் கவலையோடு கேட்டாள்.

"அப்பாவு அண்ணனுக்கு என்ன வியாதி, மாமி?"