சிவப்பு அழிந்த பெயர்

"அக்கா, நான் உயிரோடதானே இருக்கேன்?"

விடிந்தும் விடியாமல் வாசலில் நின்று ஹருயே இப்படிக் கேட்டாள். என் கையைப் பிடித்து இடுகாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மலையில் கல் சரிந்து செத்துப்போன அவள் புருஷன் கென்சாகுவின் கல்லறை. என் வீட்டுக்காரர் செதுக்கியது. எங்கள் ஊர் வழக்கப்படி, செத்த புருஷன் பெயருக்குப் பக்கத்திலேயே பெண்டாட்டி பெயரையும் வெட்டி, அதற்குச் சிவப்புப் பூசிவிடுவோம். சிவப்பு இருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறாள். செத்த பிறகுதான் அதைச் சுரண்டுவது.

ஹருயேயின் பெயரில் சிவப்பு இல்லை.

மழையில் போயிருக்கும் என்று சொல்லிவைத்தேன். என் வீட்டுக்காரர் பூசிய சாயம் மழைக்கெல்லாம் போகாது என்பது எனக்கே தெரியும். மறுபடி பூசினார். அதுவும் போயிற்று. அடுத்த முறை பார்த்தபோது பெயரின் முதல் எழுத்தையே காணோம். வெட்டிய பள்ளம் தூர்ந்து, கல் வழவழவென்று இருந்தது.

கென்சாகு கூப்பிடுகிறான் என்றது ஊர். ஹருயே மிசோ சூப்கூட இறங்காமல் படுத்துவிட்டாள்.

எனக்கு அவள் மாமியார் தோமே மேல்தான் சந்தேகம். கல்லுக்கு மெருகேற்றியே ஆயுசைக் கழித்தவள். புருஷனை முழுங்கியவளே, எங்கேயாவது தொலைந்து போ என்று மருமகளை ஓயாமல் கரித்துக்கொட்டுகிறவள். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு விடியற்காலை போனேன்.

பனிமூட்டத்தில் கல்லோடு கல்லாகக் குந்தியிருந்தாள். கல்தூளைப் பசையில் குழைத்து, மிச்சமிருந்த எழுத்தில் அப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா பெரியம்மா? உயிரோட இருக்கிறவளை இப்படியா சாகடிப்பீங்க?"

அவள் திரும்பவே இல்லை.

"சாகடிச்சது உன் புருஷன்தான்டி. சின்ன வயசுப் பொண்ணைச் செத்தவன் பக்கத்துல படுக்கவச்சு சாயமும் பூசிட்டான். இதைப் பார்த்துட்டு எவன் அவளைக் கட்டிக்க வருவான்? வைதும் பார்த்தேன், போகமாட்டேங்கிறா. பயந்தாவது அம்மா வீட்டுக்குப் போகட்டும்."

கென்சாகு அங்கே தனியாகக் கிடப்பானே என்று ஏதோ உளறினேன்.

தோமே கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இது காய்ஞ்சதும் இந்த இடத்துல என் பேரை வெட்டச் சொல்லு. சாயம் மட்டமானதே போதும். ரொம்ப நாள் தேவைப்படாது."