அனுப்ப…

கொழுந்தன் திருமாறன்தான் ஸ்பீக்கரை அழுத்தினான். அண்ணன் சொல்வதை எல்லோரும் கேட்க வேண்டுமாம்.

கூடத்தில் மாமியார். பக்கத்து வீட்டு மரகதம். சுவரோரம் அவள்.

அவளை வேலைக்கு அனுப்பலாமா என்று மஸ்கட்டில் இருக்கும் கணவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பதினோரு மணிக்குள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போய் வேலைக்குச் சேராவிட்டால், அந்த இடம் வேறொருத்திக்கு.

இதற்குமுன் இரண்டு வேலை இப்படித்தான் போயிற்று. இதே வீட்டு இன்டர்நெட் ஃபோன். "அவள அனுப்ப…" என்பான் கணவன். அதோடு குரல் கரகரத்து அறுந்துவிடும். மிச்சத்தைக் கொழுந்தன் சொல்லி முடிப்பான்.

"அனுப்ப வேணாமாம், அண்ணி."

பாழாய்ப்போன தமிழில் சம்மதமும் மறுப்பும் கடைசியில்தானே வந்து தொலைகிறது.

தெருவுக்கே இன்டர்நெட் கொடுப்பவன் கொழுந்தன். இருபது வீட்டுக்கான இணைப்பில் அறுபது வீட்டை மாட்டியிருந்தான். நெரிசல் தெரியாமலிருக்க, சினிமாவுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டு, ஃபோன் பேச்சின் கழுத்தை நெரித்தான்.

"படம் நின்னா அடிக்க வருவான். பேச்சு அறுந்தா வெளிநாட்டுக்காரனத் திட்டுவான்."

லைன்மேனிடம் இதைச் சொல்லிச் சிரித்தபோது, அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் நின்று, தன் செல்லிலிருந்து கணவனைப் பிடித்தாள். அங்கே ஓர் எழுத்துகூடச் சிதறவில்லை.

"தம்பி சொல்றதுதான் சரி. அனுப்ப வேணாம்னுதான் சொல்லுவேன்."

இரண்டு வருடமாக லைனைச் சந்தேகப்பட்டுக் கணவனை நம்பியிருந்தாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

மணி பத்தே கால். மஸ்கட்டில் ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. மரகதம் அதற்குள் தன் குறையைத் தொடங்கிவிட்டாள்.

"எம் பையன் சிங்கப்பூர்லேருந்து பேசுனா பாதி வார்த்தை வரமாட்டேங்குது தம்பி. ஒன் லைனு சரியில்ல."

"என் லைன்ல ஒரு எழுத்து விடாதுக்கா. மொதல்ல ஒங்க ஃபோன மாத்துங்க."

கணவன் எடுத்தான்.

"அவள அனுப்ப…"

கரகர.

கொழுந்தன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அனுப்பலாமாம், அத்தை."

கொழுந்தனின் முகம் கறுத்தது. பாதிதான் கேட்டது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மரகதத்தைப் பார்த்தான். விழுங்கிக்கொண்டான்.

"ஒங்க லைன்ல ஒரு எழுத்து விடாதுல்ல, தம்பி?" என்றாள் அவள்.

ஃபோனில் கணவன் கத்தத் தொடங்கினான். என்ன கத்துகிறான் என்று அவளுக்குத் தெரியும். கூடத்துக்கு வந்து சேர்ந்ததோ ஒரே எழுத்து.

"போ… போ…"

"அதான் போகச் சொல்றாருல்ல" என்றாள் மரகதம். "கெளம்பும்மா."

அவள் செருப்பை மாட்டினாள்.