கடைசி இடம்

அறுவடை முடிந்த சேற்று வயலில் இருநூறு வாத்துகள் மேய்ந்துகொண்டு போயின. கூட்டத்துத் தலைவன் பச்சைத்தலையன் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். குட்டைவாலி கடைசியில் நொண்டிக்கொண்டே வந்தாள். 'பாவம், கால் ஊனம்' என்று அவன் தினமும் இரக்கப்படுவான்.

அன்று வரப்பில் முட்டியதும் கூட்டம் அப்படியே திரும்பியது. குட்டைவாலி முதலாகிவிட்டாள், தலைவன் கடைசியாகிவிட்டான். நானூறு கால்கள் கிளறிவிட்ட சேற்றில் நத்தைகள் கொத்துக்கொத்தாக மேலே வந்து கிடந்தன. முன்னால் நடந்த நாளில் அவன் இப்படிக் கண்டதேயில்லை. தொண்டை வரைக்கும் தின்றான்.

குட்டைவாலி இரண்டு காலையும் நன்றாக ஊன்றி ஓடிவந்தாள்.

"அண்ணே, நீங்க முன்னாடி போங்க. எனக்கு அந்த இடம் ஒத்துவரல."

பச்சைத்தலையன் அவள் கால்களைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டான்.

"கால் சுளுக்கிக்கிச்சு, தங்கச்சி. நீயே போம்மா."