ஒட்டுக்கேட்டல்

இரண்டாவது மணியிலேயே ரிசீவரை எடுத்துவிட்டார்.

"சார், லேப்ல இருந்து பேசுறேன். யூரின்ல ஜீன் டெஸ்ட் பண்ணீங்கல்ல, ரிசல்ட் வந்திருச்சு."

செல்போன் நம்பரைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாம். எங்கே! மதுரை எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் ஆபரேட்டராக ஆயுசைக் கழித்த மனுஷன். யார் நம்பர் கேட்டாலும் வாய் தன்னால் வீட்டு லேண்ட்லைனைத்தான் சொல்லும்.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. கூடியிருந்தது. புராஸ்டேட்டில் ஊசி விட்டுச் சதை எடுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

"ஜீன் எல்லாருக்கும் இருக்கு சார். சிலது வாயே தொறக்காது. கேன்சர் இருந்தா அதுல சிலது கத்திப் பேச ஆரம்பிச்சிரும். எது பேசுதுன்னு ஒட்டுக்கேக்குறோம், அவ்ளோதான்" என்றாள் லேப் பெண்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒட்டுக்கேட்பதைப் பற்றி அவரிடமேவா?

மனைவி ரோஸ்லினையே அப்படித்தானே பிடித்தார். அவள் நாகர்கோவில் எக்ஸ்சேஞ்ச். முகம் தெரியாது. பிளக்கைச் செருகினால் குரல் வரும்.

"மதுரையா? பொறுங்க, லைன் தாறேன்."

அந்தத் 'தாறேன்' ஒன்றுக்காகவே, யாருமே கேட்காத டிரங்க் கால்களை எல்லாம் நாகர்கோவிலுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். மழை பெய்தால் லைன் இரையும். அந்த இரைச்சலுக்குள் அவள் குரலைத் தேடிக்கொண்டிருப்பார். முதன்முதலில் நேரில் பார்த்த அன்று இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. அவரவர் ஊருக்குத் திரும்பிப் போய், ஃபோனில்தான் பேசிக்கொண்டார்கள்.

என்ன நாட்கள் அவை! இப்போது நினைத்தாலும் மனசு குளிர்ந்துபோகிறது.

அவளிடம் இந்த டெஸ்டைப் பற்றி மூச்சு விடவில்லை. சுகர் பார்க்கப் போனதாகச் சொல்லி வைத்திருந்தார். அவள் அண்ணனை இதே நோய்தான் கொண்டுபோனது. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

"சொல்லும்மா" என்றார் தணிந்த குரலில்.

லைனில் சின்னதாக ஒரு 'டிக்'.

வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. சமையலறையில் இதே லைனில் இன்னொரு ஃபோன் உண்டு. அதை யாரோ எடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ! வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

வச்சிரு புள்ள, என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆபரேட்டர்கள் அப்படித்தான். லைன் சரியாக இருக்கிறதா என்று காது கொடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. சாவுச் செய்தியே ஆனாலும் கல்லாக இருக்க வேண்டும். ரோஸ்லின் ஒரு நாளும் அதில் தவறியதில்லை.

"ஸ்கோர் ஜாஸ்தியா இருக்கு சார். அதுக்காக கேன்சர்தான்னு அர்த்தமில்ல. ஆனா பயாப்சி பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"ம்."

"அன்னைக்குத் தனியா வரக் கூடாது சார். கூட ஒருத்தர் இருக்கணும். வீட்ல யாராச்சும் இருக்காங்களா?"

அவர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் இருக்கேன் மக்ளே" என்றது லைன். "தேதியச் சொல்லு."