வணக்கம் மட்டும் சொல்லும் பட்டன்

"மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்றாள் அக்கா.

தம்பி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இந்த ஃப்ரேம்வொர்க்தான்க்கா சரி. ஒவ்வொரு பட்டனும் தனித்தனித் துண்டு. ஒண்ணு கெட்டாலும் மத்ததெல்லாம் ஓடும்."

போன மாதம், செயலி எழுத அடித்தளம் என்று வேறொன்றைக் காட்டி இதையேதான் சொன்னான். அதற்கு முன்னால் இன்னொன்று. அஸ்திவாரம் போடுவதும் இடிப்பதுமாகவே இருந்தால் குடிபோவது எப்போது என்று கேட்க அவளுக்கு வாய்வரை வந்தது.

பக்கவாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் அசைகிறது. தொட்டால் அவருக்காகப் பேசும் திரை ஒன்று செய்து தருகிறேன் என்று தம்பி சொன்னபோது அவள் அழுதேவிட்டாள்.

இன்றுவரை அதில் ஓடுவது ஒரே ஒரு பட்டன். எந்த ஃப்ரேம்வொர்க்கில் தொடங்கினாலும் அவன் சோதனைக்கு வைக்கிற 'வணக்கம்'.

தண்ணீர் வேண்டுமென்றாலும் வணக்கம். திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் வணக்கம். மந்திரி வீட்டில்கூட இத்தனை வணக்கம் விழாது.

அவள் கவலையெல்லாம் சாப்பாடு. கொஞ்ச நாளாக அப்பா பாதியிலேயே தட்டைக் கதவுப் பக்கமாகத் தள்ளிவிடுகிறார், எடுத்துக்கொண்டு போ என்பதுபோல. உப்பு குறைவா, விழுங்க வலிக்கிறதா, பசியே இல்லையா? எதைக் கேட்டாலும் இல்லை என்று தலையாட்டுகிறார். ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

என்ன கஷ்டம் என்று சொல்ல நாலே நாலு பட்டன் போதும், எதில் வேண்டுமானாலும் செய் என்று தம்பியிடம் கெஞ்சியும் பார்த்துவிட்டாள்.

உள்ளேயிருந்து வணக்கம் கேட்டது. போனாள். பாதிச் சாப்பாடு, கதவுப் பக்கமாக.

எரிச்சலோடு தட்டை எடுத்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு விரலை நீட்டினார்.

அந்த விரல் போகும் வழியை அவள் அன்றுதான் பார்த்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காலையில் அவள் மூடி வைத்த தட்டு அப்படியே கிடந்தது.

குளிப்பாட்டுவது இவள். மாத்திரை கொடுப்பது இவள். இத்தனை நாளும் வயிற்றைக் காயப்போட்டு மிச்சம் வைத்தது அவனுக்கா? அழுகை வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

வந்தாள். மடிக்கணினியை மூடி, அதன் மேலேயே தட்டை வைத்தாள்.

"நீ சாப்பிடலைன்னு அப்பா பாதியைக் குடுத்தனுப்பறாரு. மொதல்ல அதுக்கு ஒரு பட்டன் வை."

உள்ளேயிருந்து பட்டன் சொன்னது, வணக்கம்.